எதிர் ஃப்ளாட்டுச் சங்கு

ஹலோ... ஹலோ, மதினி? அமலா பேசுதேன், கல்கத்தாலருந்து... ஆமா ஆமா, நல்லாத்தான் இருக்கேன். நல்லால்லாம் இல்ல. உங்க தம்பி இன்னும் வரல, போர்ட்ல ஏதோ மீட்டிங்காம்... மணி என்ன ஆவுது அங்க?... சரிதான், இங்கயும் அதே அஞ்சுதான். ஆனா தூத்துக்குடியில வெயில் அடிக்கும், இங்கன இருட்டிட்டு வருது மதினி. விளக்கு வைக்கிற நேரம் ஆயிட்டு.

...அதேதான். இங்க வீட்டுக்கு வீடு விளக்கு வச்சதும் ஊதுற சங்குதான். எதிர் ஃப்ளாட் ஷுப்ரா தீதி... தீதின்னா அக்கா. என்னவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும்... இல்ல, ஊதல. மூணு நாளா ஊதல. அதான் விஷயமே. எல்லாம் என்னாலதான்.

...நான் வாயத் திறக்கல மதினி. உங்க தம்பிதான் லிஃப்டுல இந்த பில்டிங் செக்ரட்டரியப் பாத்து, 'என் ஒய்ஃபுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கல'ன்னு சொல்லியிருக்காவ. அவர் அங்க போய் என்னத்தச் சொன்னாரோ, இப்ப பில்டிங் பூரா எனக்கு ஹார்ட் வியாதி. ரெண்டு படி இறங்குனா நாலு பேரு கையப் பிடிக்க வாராவ... சிரிக்காதீங்க.

...இன்னைக்கு அவுக வீட்டுல லக்ஷ்மி பூஜை. துர்கா பூஜை முடிஞ்சு வர்ற பௌர்ணமிக்குச் செய்வாவ. வாசல்லருந்து உள்ள வரைக்கும் அரிசிமாவுல குட்டிக் குட்டியா பாதம் போட்டிருக்காவ, கிருஷ்ண ஜெயந்திக்கு நாம போடுவோமே, அது கணக்கா. ஆமா... ஆமா, சங்கு ஊதாம அந்தப் பூஜையே கிடையாதாம். ஊதுனா எனக்கு ஆவாது. ஊதலேன்னா, என்னால ஒரு வீட்டு வாசல்ல லக்ஷ்மி உள்ள வராம நிக்கா. காலையிலருந்து ரூமுக்கும் அடுக்களைக்கும் நடந்துட்டே இருக்கேன். சோறுகூட நின்னுட்டுத்தான் தின்னேன்.

...அதெல்லாம் பண்ணியாச்சு. படபடப்புக்கு உங்க ஆபீஸ்ல வந்து வகுப்பு எடுத்த டாக்டரம்மா சொன்னதுன்னு நீங்க அனுப்புன அத்தனையும் பண்ணியாச்சு. லைட்டக் குறைச்சேன். ஈரத்துண்ட பிடதியில போட்டு உக்காந்தேன், சளி பிடிச்சதுதான் மிச்சம். காதுல பஞ்சு வச்சா என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்கு, அது அதைவிட மோசம்... இப்பவா? இப்பவே சொல்லணுமா? சரி. படபடப்பு அடங்க, கண்ணுல படுற அஞ்சு பொருள். ஃபேன். ஜன்னல். உங்க தம்பி கழட்டிப் போட்ட பனியன். நேத்துக் கழட்டிப் போட்ட பனியன்... அதெப்படிச் சேராது, ரெண்டும் வேற வேற நாற்காலியில கிடக்கு. அஞ்சாவது... அஞ்சாவது கதவு. அதத்தான் பாத்துட்டே இருக்கேன்.

...தெரியும். இங்க அது மங்களம்னு தெரியும். புத்திக்குத் தெரியுது, உடம்புக்குத் தெரியலையே... கோயில்ல ஊதுறது வேற மதினி. தெருவுல சங்குச் சத்தம் கேட்டா நாம என்ன கேப்போம்? 'யாரு வீட்டுல?'ன்னுதானே கேப்போம்... அம்மாவத் தூக்குறப்ப அந்த ஆளு என் காதுக்குப் பக்கத்துல நின்னு ஊதுனாரு. ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் அது கேட்டா அப்படியே குளுந்து போயிருது.

...அந்தக் கதை இப்ப எதுக்கு? போதும், நீங்க எத்தன தடவதான் கேப்பீங்க... ஆமா, வந்த மொத வாரம். சங்கு ஊதுது, எதிர் வாசல்ல இருபது ஜோடிச் செருப்பு கிடக்கு. நான் என்னன்னு நினைப்பேன்? லேக் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் ரோஜா மாலை வாங்கிட்டு, தலையக் குனிஞ்சிட்டே போய் நின்னேன். தீதி மாலைய வாங்கிச் சாமிக்குப் போட்டுட்டு என் வாயில பால் இனிப்ப ஊட்டுதாவ. துஷ்டி வீட்டுல இனிப்பான்னு முழிச்சிட்டு, 'போயிட்டு வாரேன்'னுகூடச் சொல்லாம வந்து தலைக்குக் குளிச்சேன்... சத்தியநாராயண பூஜையாம். இன்னைக்கு வரைக்கும் அந்த மாலையப் பத்தி எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லுதாவ. அந்த மனுஷிக்குத்தான் நான் இப்படி...

...இருங்க. பெல் அடிக்கு. தீதியாத்தான் இருக்கும்... கட் பண்ணிராதீங்க. லைன்லயே இருங்க மதினி. ஹாங் தீதி, ஆஷுன், ஆஷுன்... நஹி நஹி, டாக்டர் நஹி. மேரி நனத்.

...இருக்கீங்களா? டாக்டர்ட்டப் பேசுதேன்னு நினைச்சிட்டாவ, என் நாத்தனார்னு சொன்னேன். மெதுவாப் பேசுதேன்... பட்டுச்சேலை கட்டிட்டு, கையில போனை நீட்டிட்டு நிக்காவ. போன்ல சங்குச் சத்தம் இறக்கி வச்சிருக்காவ மதினி. இன்னைக்கு ஊதப் போறதில்லையாம், இதத்தான் போடப் போறாவளாம். அதுவும் எனக்கு ஆவுமான்னு கேட்டுட்டு, சத்தத்தக் குறைச்சுக் குறைச்சுக் காட்டுதாவ. இவ்வளவு போதுமா, இவ்வளவு போதுமான்னு.

...என்ன சொல்ல? கல்யாணம் ஆகி வந்த நாள்லருந்து முப்பத்தெட்டு வருஷமா இந்தப் பூஜைக்கு ஊதுன பொம்பள. இது கொசு கத்துறாப்ல ஒரு சத்தம். இதக் கேட்டு லக்ஷ்மி திரும்பியாவது பாப்பாளா?

...இல்ல. நடுங்கல. இது நடுக்கம் இல்ல, வெக்கம்.

...ஆமா. ஆமா மதினி. சத்தம்கூட இல்ல, எப்ப வருமோ எப்ப வருமோன்னு காத்துக் கிடக்கேன் பாருங்க, அதுதான் என்னப் பிடுங்கித் திங்குது. செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரோ, எப்பவோ... எப்பன்னு எனக்குத் தெரிஞ்சா? என் கையிலயே இருந்தா?... ஒரு நிமிஷம் இருங்க.

தீதி. போன் நஹி. ஷாங்க் லாயியே... ஹாங், அஸ்லி வாலா. முஜே தீஜியே.

...நிஜச் சங்க எடுத்துட்டு வந்து என் கையில தரச் சொல்லிட்டேன். அவுக முகத்துல ஈயாடல. நான் விழுந்துருவேன்னு பயம்... நிறுத்தாதீங்க, பேசிட்டே இருங்க. எதையாவது பேசுங்க. வந்துட்டாவ.

...கேட்டுச்சா அவுக சொன்னது? டூட்டிகோரின்ங்காவ. மாமியார் காலத்துச் சங்காம், டூட்டிகோரின் மால், மால்னா சரக்கு, இதவிட நல்லது கிடையாதுன்னு சொல்லித்தான் வாங்குனாவளாம். அது நம்ம ஊருன்னே தெரியாது அவுகளுக்கு. நான் தூத்துக்குடி தூத்துக்குடின்னுல்லா சொல்லிட்டு இருந்தேன்... நிஜமா மதினி. நம்ம கடல்லருந்துதான் வந்திருக்கு இது.

...கனமாத்தான் இருக்கு. வழுவழுன்னு... வாயில வச்சிருக்கேன். இல்ல, வரல, புஸ்ஸுன்னு காத்துதான் போவுது. தீதி சிரிக்காவ. உதட்ட இறுக்கணுமாம்... இருங்க... இப்ப கேட்டுச்சா? எருமைக்கன்னு கணக்கா 'ம்ப்பூ'ன்னு? அதுதான். அது நாந்தான்... நடுக்கம் இருக்கு, ஏன் இல்லாம. நடுங்கிட்டேதான் நிக்கேன்.

...நீங்க கேக்கணுமா? அது முடியாது மதினி. பூஜைக்கு நான் மூணு தடவை ஊதணுமாம், ஒத்தக் கையால பிடிச்சா சத்தம் எழும்பாதுங்காவ. ரெண்டு கையும் வேணும்.

வைக்கேன்.