வரிக்கு நாலு ஸ்பேஸு

...நாலு ஸ்பேஸுங்க! நாலே நாலு ஸ்பேஸு வுட்டு எழுதுன்னு சொன்னது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்கண்ணே. இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே ஒக்காருங்க, எனக்குப் பேசறதுக்கு இந்தப் பக்கம்தான் வசதி.

எம் பேரு இளமாறன். ஊரு கச்சிராயபாளையம். வூட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர் வேல. கல்வராயன் மலைக்குப் போற பஸ்ஸெல்லாம் எப்ப வரும்னு போன்ல காட்டற ஆப்பு ஒன்னு இருக்குதுல்ல... நாந்தாங்க! நான் ஆரம்பிச்சதுதான்! ஓபன் சோர்ஸு. காசு பணம் கெடையாது. உள்ள எழுதியிருக்கற கோடிங் பூரா தொறந்தே கெடக்கும். யாரு வேணா பாக்கலாம், யாரு வேணா திருத்தி அனுப்பலாம், நான் பாத்து சரின்னா சேரும். பத்து பேரு எழுதற எடம்னா ஒரு ஒழுங்கு வேணுமா வேணாமா? அதுக்குத்தான் ரூல்ஸு எழுதனேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால நாலு ஸ்பேஸு, காலி எடம், வுடணும். பிராக்கெட்ட அதே வரியிலதான் தொறக்கணும், கீழ எறக்கக் கூடாது. இப்டியே எழுதிக்கினே இருந்தேன், எங்க வூட்டுல எங்கூட பேசறதயே நிறுத்திட்டாங்க. எப்டி எழுதனாலும் கம்ப்யூட்டரு ஓட்டிடும்ங்க, அது வேற. மனுசனுக்குக் கண்ணுன்னு ஒன்னு இருக்குதுல்ல?

திருக்கோவிலூர்ல சுபஸ்ரீன்னு ஒரு பொண்ணு. போன மழைக்கு மலைப்பாதையில மண்ணு சரிஞ்சி, வெள்ளிமல பஸ்ஸ முன்னாடியே கெளப்பிட்டாங்க. இந்தப் பொண்ணு ஒடனே ஆப்புல நேரத்த திருத்தி அனுப்புச்சி. தொறந்து பாக்கறேன்... ரெண்டு ஸ்பேஸு! வெறும் ரெண்டு! திருப்பி அனுப்பிட்டேன். சரி பண்ணிக்கினு வந்துச்சி, பிராக்கெட்டு கீழ எறங்கிக் கெடக்குது. திருப்பி அனுப்பிட்டேன். "அண்ணா, மழ பேஞ்சிக்கினு இருக்குது, ஜனங்க பஸ்ஸ வுட்டுடுவாங்க, மொதல்ல சேத்துடுங்க"ன்னு எழுதுது. "மொதல்ல ரூல்ஸ படிம்மா"ன்னு நான் எழுதறேன்.

அங்க மலையில சடையன்னு ஒருத்தரு, மரவள்ளி மூட்டையோட ரோட்டுல வந்து நின்னுருக்காரு. ஆப்பு இன்னும் நேரம் இருக்குதுங்குது. பஸ்ஸு எப்பவோ போயிடுச்சி. நனஞ்சிக்கினே, ஆப்புல போட்டுருக்கற எம் நம்பருக்கு போன் பண்றாரு. "இன்னா சார், ஒங்க ஆப்பு பஸ்ஸு வருதுங்குது, ரோட்ட பாத்தா தண்ணிதான் வருது!"

மனசு கேக்கலண்ணே. ஒடனே சேத்துடலாம்னு போறேன், அந்தப் பொண்ணு அனுப்பனதயே வாபஸ் வாங்கிடுச்சி! மொத்தத்தயும் காப்பி எடுத்துக்கினு தனியா ஒரு ஆப்பு போட்டுடுச்சி. தப்புன்னு சொல்ல முடியாதுங்க, தொறந்து கெடக்கறதுதான. எங்கூட எழுதிக்கினு இருந்தவங்க அல்லாரும் அங்க போயிட்டாங்க. அங்க ரூல்ஸு இன்னா தெரியுமா? ஒரே வரி. "ஓடறதத் தொடாதீங்க." இது ஒரு ரூல்ஸா!

வயிறு எரியுமா எரியாதா? பாக்கலாம்னு நானும் அவங்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பனேன், கோமுகி டேம் பஸ்ஸுக்கு. வேல கரெக்டா செய்யும். ஆனா ஸ்பேஸு... வேணும்னே ஒரு வரிக்கு மூணு, அடுத்ததுக்கு ஏழு, அதுக்கடுத்து ஒன்னுமே இல்ல. எண்ணி எண்ணி தப்பா வெச்சேண்ணே! இத எப்டியும் திருப்பி அனுப்புவாங்க, அப்ப புடிச்சிக் கேக்கலாம், "இப்ப மட்டும் ரூல்ஸு வேணுமா"ன்னு.

சேத்துடுச்சிங்க! போட்ட டீ ஆறல, அதுக்குள்ள! "ரொம்ப நன்றிண்ணா"ன்னு கைகூப்பற பொம்ம வேற! இப்ப அந்த அலங்கோலத்துக்குப் பக்கத்துல எம் பேரு நிக்கிது. ஒலகமே பாக்கும்! பதறிப் போயி ஸ்பேஸ சரி பண்ணி அனுப்பனா, "வேணாம்ணா, நல்லாதான ஓடுது"ன்னு திருப்பி அனுப்பிடுச்சி. என்னிய! அதான் நேர்லயே போயி கெஞ்சலாம்னு கெளம்பிட்டேன். சாத்துக்குடி கூட வாங்கியிருக்கேன் பாருங்க.

இருங்க, போனு... ஐயோ, அந்தப் பொண்ணுதான்! "சரிண்ணா, ஒங்க ஆசைக்கு ஸ்பேஸ மாத்திட்டேன். நீங்க இல்லாம இங்க கஷ்டமா இருக்குது. வந்துடுங்க."

...

கண்ணு கலங்குதுண்ணே. நல்ல பொண்ணுங்க. வரேன்னு எழுதிடறேன். மெசேஜில கமாவுக்கு அப்பறம் ரெண்டு ஸ்பேஸு வுட்டுருக்குது... பரவால்ல, நான் ஒன்னும் சொல்லல.

ஐய, எங்க எழுந்துட்டீங்க? இது தியாகதுருகம்ங்க! டிக்கெட்டு திருக்கோவிலூருக்குத்தான எடுத்தீங்க? இருங்க இருங்க... கண்டக்டரு, விசில் அடிக்காதீங்க, நானும் எறங்கறேன்! போற வேலதான் முடிஞ்சிடுச்சே. ஓடாதீங்கண்ணே, இந்தாங்க, சாத்துக்குடி சாப்டுக்கினே பேசலாம். நீங்க எந்தப் பக்கம்?