முதல் மேட்ச்சுக்குக் கொட்டிவாக்கம்

நொச்சிக்குப்பத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். துணிப்பை வைத்திருந்தவள் சொன்னாள்: "நான் டிவி பாத்தா நம்ம டீம் தோத்துடுதாம். அதான் வூட்டுக்காரரு என்னைக் கொட்டிவாக்கத்துல அக்கா வூட்டுக்கு அனுப்பறாரு."

புது சீசனின் முதல் ஆட்டம் அன்று மாலை.

"போன வருசம் எல்லா மேட்ச்சும் பாத்தியா?" என்றாள் தோழி.

"ஒண்ணு வுடல. அவங்க தோத்துக்கினே இருந்தாங்க. இவரு என்னையே மொறச்சிக்கினு இருந்தாரு."

"இன்னிக்கு ஜெயிச்சா?"

"சீசன் முடியறவரைக்கும் அங்கயே இருக்கணும்."

"தோத்தா?"

"என் மேல தப்பு இல்லன்னு ஆயிடும். வந்து கூட்டிக்கினு போவாரு."

"அப்போ நீ இன்னான்னு வேண்டிக்கின?"

"ஜெயிக்கணும்னுதான். நம்ம டீமாச்சே."

அடையாறில் இறங்க எழுந்த தோழி, குனிந்து கேட்டாள்: "அக்கா வூட்ல டிவி கீதா?"

"எங்களுத விட பெருசு."

"பாப்பியா?"

"பின்ன? முதல் பால்லேர்ந்து பாப்பேன். அவராண்ட சொல்லிடாத."

அன்று டீம் கடைசி ஓவரில் ஜெயித்தது. அதன்பிறகு இதுவரை தோற்கவில்லை. அவள் இன்னும் கொட்டிவாக்கத்தில்தான் இருக்க வேண்டும்.