காஓரைக் குடுத்த கதை

— ரண்டு கிழமைதானே, அப்பா. தம்பி சுஜீத்தும் எத்தினை தரம்தான் கூப்பிடுறது?

— பிறேமினி, ரண்டு கிழமைக்கு இவ்வளவு பெரிய பெட்டியே?

— சும்மா இருங்கோ. தம்பி இருக்கிற காஓர், பிரான்சில நல்ல வடிவான ஊராம். மூண்டு பக்கமும் ஆறு சுத்தி ஓடுதாம்.

— லொட் ஆறு. மற்றப் பக்கம் மட்டும்தான் தரை. அதிலயும் அந்தக் காலத்தில மதில் கட்டி வச்சவங்கள். பாலத்தில மூண்டு கோபுரம். பேய்க் கதையும் இருக்கு.

— நீங்கள் போனால் பேய் ஓடிடும்.

— பகிடி விடாதை. பாரிசில இருந்து ரெயினில அஞ்சு மணித்தியாலம். கோயிலும் இல்லை, ஒரு தமிழ்க் கடையும் இல்லை.

— அடேயப்பா! எல்லாம் தெரியுதே.

— நீ வேலைக்குப் போனால் இந்தப் பிளேஸ்டோ வீட்டில நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதே? போனில படிச்சனான். முந்தி அது ஒரு மாகாணத்துக்கே தலைநகர். இங்கிலீசுக்காரனோட நூறு வருசச் சண்டை நடந்ததெல்லே, அதில தோக்காத ஊராம்.

— பிறகென்ன? வீரமான ஊர்.

— முழுக்கக் கேளன். பிரெஞ்சு ராசா சண்டையில மாட்டுப்பட்டிட்டார். இஞ்ச, லண்டனிலதான் மறியல், அடைச்சு வச்சவங்கள். அவரை விடுவிக்க ஒப்பந்தம் எழுதேக்க, தோக்காத காஓரையும் தூக்கி இங்கிலீசுக்காரனுக்குக் குடுத்திட்டினம்.

— அங்க இருந்த சனம்?

— சனத்தை ஆர் கேட்டது?

— அநியாயம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— ஓம், கேட்டிருக்கலாம். அதுசரி, நீயும் தம்பியும் எப்ப எழுதினனீங்கள்?

— என்னத்தை?

— ஒப்பந்தத்தை. ரண்டு கிழமைக்குப் போறவன்ர பெட்டிக்குள்ள சுவரில இருந்த கொம்மாவின்ர படம் என்னத்துக்கு?

— அப்பா...

— சொல்லு, பிள்ளை.

— நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, உங்களை டொக்டரிட்டக் கொண்டு போய், சமைச்சு வச்சிட்டுத் திரும்பவும் ஓடுறன். என்ர மனுசன் ரதீசன் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரியிறார், எப்ப பாத்தாலும் நான் வீட்டில இல்லையாம். எனக்கு ஏலாமக் கிடக்கு, அப்பா. ‘இனி நான் பாக்கிறன், அக்கா’ எண்டு தம்பி சொன்னவன். உங்களிட்டச் சொல்லத்தான் எனக்கு வாய் வரேல்லை.

— அழாதை. இந்த வீட்டில மறியல்ல கிடக்கிறது நீதானெண்டு எனக்குத் தெரியாதே? ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பெட்டியை நானே அடுக்கியிருப்பன்.