ஒரு பஸ்ஸில் அடங்கும் பெயர்

பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்காகத் தூங்குவதுபோல் நடிப்பவன் நான். ஆள் நம்ப வேண்டுமென்று குறட்டையும் விடுவேன். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு வரும்போது முன் சீட்டில் இரண்டு பேர்.

“எங்க பேரு உள்ளவங்க எல்லாரையும் இந்த ஒரு பஸ்ல ஏத்திரலாம்,” என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

“எந்தப் பேரு, அந்தோணியண்ணே?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சொன்னார். ஸ்கொட்லாந்துக் குடும்பப் பெயர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரை அவருடைய பூட்டனாம்.

“அங்க ஒரு ஆத்தோரத்து ஊர்ப் பேரு. இப்ப அங்கயே கொஞ்சப் பேருதான். கனடாவுல ரெண்டு குடும்பம். இலங்கையில நான் ஒருத்தன்தான்னு அங்க உள்ள சொந்தக்காரங்க கடிதம் போட்டிருக்காங்க.”

“ஒங்க மக இருக்கே?”

“நம்ம வழக்கத்துல புள்ளைக்கு அப்பன் பேருதானே முன்னுக்கு. அந்தோணின்னே பதிஞ்சிட்டேன். அப்ப இதெல்லாம் தோணல.”

“அதுக்கு இப்ப என்னண்ணே?”

“என்னோட முடிஞ்சிரும். அதான் பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லி வைக்கிறேன்.”

தெல்தெனியவில் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

“அந்தப் பேரு என்ன?” என்றாள்.

நெடுநேரம் யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

“அப்ப நீங்க நெசமாவே தூங்கியிருக்கீங்க,” என்றாள்.