வடிக்காத எண்ணெய்

– அந்த டப்பாவையெல்லாம் கீழ வைங்க அத்தான். ஆயில் ஊத்தியாச்சு, பானெட்டையும் மூடியாச்சு.

– யாரைக் கேட்டு ஊத்தின?

– முப்பது வருஷமா யாரைக் கேட்டு ஊத்தினேன்? நீங்க பந்தயம் ஓட்டினப்ப உங்க வண்டிக்கு நான்தான் மெக்கானிக்கு. இப்ப உங்க பையன் வண்டிக்கும் நான்தான்.

– அதனாலதான் மாப்ள, முப்பத்தோரு பந்தயம் ஓடி இருபத்திரெண்டுல ரெண்டாவதா வந்தேன். அலமாரி பூரா ரெண்டாம் பரிசு. உங்க அக்கா அதையெல்லாம் துடைக்கிறதைக்கூட விட்டுட்டா.

– நீங்க ரெண்டாவதா வந்தது என் ஆயிலோட குத்தமா? போகட்டும். அதையும் என் தலையிலயே கட்டுங்க.

– யார் குத்தமோ. நாளைக்கு அவன் ரெண்டாவதா வரக்கூடாது, அவ்வளவுதான். இதைப் பாரு. கடைக்காரன் பூட்டி வச்சிருந்த சரக்கு. பத்து-அறுபது, ஃபுல் சிந்தெட்டிக். பின்னால இருக்கிற அறுபதைத்தான் பாக்கணும், சூடு ஏற ஏற எவ்வளவு கெட்டியா நிக்கும்னு அதுதான் சொல்லும்...

– எனக்கே பாடமா?

– கேளுடா. இந்தச் சின்ன பாட்டில் தேய்மானத்துக்கு. இது உராய்வுக்கு. இந்த மூணாவது, எஞ்சின் சத்தம் போடாம இருக்க. மூணு அடிட்டிவும் அரை அரை பாட்டில்.

– எண்ணெய்ச் செலவே தவிர பிள்ளை பிழைச்சபாடில்லைன்னு சொல்லுவாங்களே, அந்தக் கதைதான். நல்ல ஆயில்ல இதெல்லாம் கலந்தேதான் வருது அத்தான். அதுக்கு மேல நீங்களும் கொட்டினா ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டுக்கும். ஒரே நோயாளிக்கு நாலு டாக்டர் மருந்து எழுதின மாதிரி ஆயிடும்.

– சரி, அடிட்டிவ் வேண்டாம். உன் பேச்சையே கேக்கறேன். ஆயிலை மட்டும் மாத்து.

– இருக்கிறது போதும்.

– என்ன ஊத்தியிருக்கன்னு நான் பாக்கக் கூடாதா? ஆயில் குச்சியை இழு.

– நேரமாச்சு. வண்டியை ஏத்திட்டுப் போக லாரி வந்துடும்.

– லாரி நாலு மணிக்கு. இப்ப ரெண்டுகூட ஆகல. நகரு, நானே இழுக்கறேன்... என்னடா இது? தண்ணி மாதிரி ஓடுது!

– எஞ்சின் சூடா இருக்கு. அதான்.

– கையை வச்சுப் பாத்தேன், ஜில்லுனு இருக்கு. மோந்து பாரு, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது. உன் குப்பைக்கூடையில கிடக்குதே சிவப்பு டப்பா, அது என்ன?

– எஞ்சின் கழுவுற ஃப்ளஷ். உள்ள இருக்கிற அழுக்கைக் கரைச்சு எடுக்கும். எல்லா வண்டிக்கும் ஊத்தறதுதானே.

– ஊத்தி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, பழைய ஆயிலோட சேர்த்து வடிச்சுடணும். வடிச்சியா?

– வடிச்சேன்.

– எதுல வடிச்ச? தட்டு காஞ்சு கிடக்கு. கழிவு பீப்பா மூடியில தூசிகூடக் கலையல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத மாப்ள, நானும் இந்த ஷெட்டுல வளர்ந்தவன்தான்.

– அத்தான், நான் சொல்றதை...

– ஒண்ணு, ரெண்டு, மூணு டப்பா! ஒரு டப்பாவே அதிகம். இத்தனையையும் உள்ள வச்சுக்கிட்டு நாளைக்கு ஓடினா என்ன ஆகும்? உன் வாயாலயே சொல்லு.

– ஆயில் நீர்த்துப் போகும். பிரஷர் இறங்கும். மூணாவது சுத்துல சிவப்பு விளக்கு எரியும். எரிஞ்சா வண்டியை ஓரங்கட்டணும், அதான் ரூல்.

– எஞ்சின்?

– போயிடும். எஞ்சின்தானே, போகட்டும்.

– எஞ்சின்தானேவா? வாய் கூசாம சொல்றியே! யார்கிட்ட கை நீட்டின? அந்தச் சுருட்டுக்காரன்தானே? அவன் மகனும் நாளைக்கு ஓட்டறான்ல?

– ஆமா. அப்படியே வச்சுக்குங்க.

– அட பாவி! வேலியே பயிரை மேயுதேடா! அவன் உன் அக்கா பெத்த பையன். நடக்கிறதுக்கு முன்னாலயே இந்த ஷெட்டுக்குள்ள அவனைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சியே.

– அதனாலதான்.

– என்ன அதனாலதான்?

– ஒண்ணுமில்ல. திட்டணும்னா திட்டிட்டுக் கிளம்புங்க.

– திட்டறதோட விட்டுடுவேன்னு நினைச்சியா? நாளைக்கு மைக்கைப் புடிச்சு ஊரறியச் சொல்லுவேன். இந்த ஷெட்டுக்குள்ள ஒரு சைக்கிள்கூட வராது. அதுக்கு முன்னால உன் அக்காகிட்ட சொல்றேன் பாரு. கூடப் பொறந்தவன் செஞ்ச காரியம் அவளுக்கும் தெரியட்டும்.

– அக்காகிட்ட வேண்டாம் அத்தான். போனை வைங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், வைங்க! நான் யார்கிட்டயும் கை நீட்டல.

– அப்ப யார் சொல்லி இதைச் செஞ்ச?

– உங்க பையன்.

– பொய்.

– செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தான். நீங்க நிக்கிறீங்களே, அதே இடத்துல நின்னான். 'மாமா, வண்டி பாதியில நின்னுபோற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா, எனக்கு ஒண்ணும் ஆகாம'ன்னு கேட்டான். இருபத்திரெண்டு வயசுப் பையன், பயந்துபோய் நிக்கிறான்.

– அவனுக்கு என்ன பயம்? போன பந்தயத்துல மூணாவதா வந்தவன்!

– போன பந்தயத்துல இவனுக்கு முன்னால போன வண்டி சுவத்துல மோதி எரிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அந்தப் பையனுக்குக் காலை எடுத்துட்டாங்க. அந்த நெருப்பை ஒட்டித்தான் இவன் ஓட்டிட்டு வந்தான். நீங்க கப்பைப் பாத்தீங்க. பெத்த பிள்ளை முகத்தைப் பாத்தீங்களா?

– பந்தயம்னா அடிபடத்தான் செய்யும். என் தோள்ல இன்னிக்கும் இரும்புத் தகடு இருக்கு. நான் ஓடலையா?

– நீங்க ஆசைப்பட்டு ஓடினீங்க. அவன் ஒவ்வொரு தடவையும் வண்டி ஏறறதுக்கு முன்னால ஒதுக்குப்புறமாப் போய் வாந்தி எடுக்கறான். 'எடையைக் குறைக்கிறான், காலைல சாப்பிடறதே இல்ல'ன்னு நீங்க எல்லார்கிட்டயும் பெருமை பேசிக்கிட்டுத் திரியறீங்க.

– என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன புலியா, கடிச்சுத் தின்னுடுவேனா?

– சொன்னானே. 'என்னால முடியலப்பா'ன்னு சொன்னான்ல? ஒரு வாரம் அவன்கூடப் பேசாம இருந்தீங்க. அப்புறம் சாப்பாட்டு மேஜையில, உங்க ரெண்டாம் பரிசு கப்பு ஒண்ணைக் கொண்டுவந்து அவன் தட்டுக்கு முன்னால வச்சீங்க. அக்கா என்கிட்ட சொல்லி அழுதா.

– அது... அவனுக்கு உறைக்கட்டும்னு வச்சேன்.

– நல்லா உறைச்சுது. விளக்கு எரிஞ்சு ஓரங்கட்டினா யாரும் அவனைக் கோழைன்னு சொல்ல மாட்டாங்க. பழி எஞ்சின் மேல விழும், மிச்சம் என் மேல விழும். விழட்டும். எனக்குப் பேர் கெட்டா என்ன, இந்த வயசுல பொண்ணா பாக்கப் போறாங்க?

– எவ்வளவு நேரம் ஆகும்?

– எதுக்கு?

– இதை வடிக்கிறதுக்கு.

– அத்தான்!

– புது ஃபில்டர் இருக்குல்ல?

– இத்தனை சொன்ன பிறகுமா?

– பயம் முதல் சுத்தோட போயிடும் மாப்ள. எனக்கும் இருந்துது, போயிடுச்சு. நாளைக்கு எல்லாருக்கும் முன்னால, முதல் ஆளா நிக்கப் போறான். முதல் ஆள்! நான் ஒரு நாள்கூட அந்த இடத்துல நின்னதில்ல. அதை ஒரு மண்ணெண்ணெய் டப்பாவுக்கு விட்டுக்குடுக்கச் சொல்றியா?

– நான் வடிக்க மாட்டேன்.

– நீ வடிக்க வேண்டாம். ஸ்பானரைக் குடு.

– மேஜையில கிடக்கு.

– புனல் எங்க? உன்னைத்தான் கேக்கறேன், புனல் எங்கடா?

– ஆணியில மாட்டியிருக்கு, எடுத்துக்குங்க. செவ்வாய்க்கிழமை கிளம்பறப்ப அவன் ஒண்ணு சொல்லிட்டுப் போனான். 'அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் மாமா, தெரிஞ்சா அவரே தன் கையால இதை வடிச்சுட்டு நல்ல ஆயிலை ஊத்துவாரு'ன்னு. எந்த அப்பனும் அப்படிச் செய்ய மாட்டான்டா, போய் நிம்மதியாத் தூங்குன்னு நான்தான் அவனுக்கு வாக்குக் குடுத்து அனுப்பினேன்.