ஆபத்தில்லை என்று எழுதிய மரம்

காளான் என்றால் மழைக்கு மறுநாள் குடை பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மரத்தைத் தின்னும் பூஞ்சைகளில் பல, காளான் மாதிரியே இருக்காது. சில பெயிண்ட் உரிந்தது போல இருக்கும், சில காய்ந்த சேறு ஒட்டியது போல. பூங்காத் துறையில் முப்பத்தோரு வருடமாக அவற்றைப் பார்த்துப் பெயர் சொல்வதுதான் என் உத்தியோகம். நான் சொல்வதை வைத்து மரத்தை வெட்டுவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். மறுபேச்சு கிடையாது.

அவற்றில் ஒன்றைக் கரிப்பூஞ்சை என்போம். அடிமரத்தில் கறுப்பாகப் படர்ந்திருக்கும். யாரோ குப்பை கொளுத்திய தழும்பு என்று சத்தியமே செய்யலாம். மேலே ஓர் இலைகூட வாடாது. உள்ளே கட்டை மட்டும் மண்சட்டி போல் ஆகிவிடும். அப்படிப்பட்ட மரம் மெதுவாகச் சாயாது, சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

என்னிடம் எட்டு மாதமாக ஒரு பெண் வேலை பார்த்தாள். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும், அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு விரோதம் இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மழைக்காலம் முடிந்த வாரம், பேருந்து நிலையத்தை ஒட்டிய பூங்காவில் நூற்றுப் பதினேழாம் எண் மரத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நானும் அவளும் போனோம். பூங்காக் கண்காணிப்பாளரும் தோட்டக்காரர்கள் நால்வரும் சுற்றி நின்றார்கள். எனக்கு முழங்கால் வலி, குனியவில்லை. நின்றபடியே பார்த்து, குப்பை எரித்த தழும்பு என்று சொன்னேன். அவள் மண்டியிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

"சார், இதுல எரிஞ்ச வாடையே இல்லையே."

"எரிச்சு ஒரு வருஷம் ஆயிருந்தா வாடை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாம்மா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் ஒரு சிட்டிகையைச் சுரண்டிக் காகித உறையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் என் மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மரியாதையை நான் கவனித்தேன். கண்ணை வைத்தேன். கறுப்பு வித்துகள், படகு போல நீளமானவை, ஒவ்வொன்றிலும் நெடுக ஒரு கீறல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கரிப்பூஞ்சைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்லைடைக் குழாயில் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அவள் வந்ததும், மண்ணும் தூசியும்தான் தெரிந்தது, பார்க்கிற மாதிரி இல்லை என்றேன்.

ஏன் கழுவினேன் என்று கேட்பீர்கள். ஐந்து பேர் முன்னால் சொன்ன வார்த்தையை எட்டு மாதப் பெண்ணுக்காகத் திரும்ப வாங்குவது சுலபமில்லை. தோட்டக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. ஒரு மாதத்தில் ஊர் முழுக்க, பெரியவர் சொன்னாரா, பூதக்கண்ணாடி சொல்லிச்சா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அன்றே கோப்பில் 'ஆபத்தில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மட்டும் போய் மரத்தைத் தட்டிப் பார்த்தேன். கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டினால் நல்ல மரம் கெட்டியாகப் பேசும். இது பாதைப் பக்கம் ஓரளவு பேசியது. பின்பக்கம், சாய்வு இருந்த பக்கம், பேசவே இல்லை. கெட்டி மரம் ஓர் உள்ளங்கை அகலம் மிஞ்சியிருக்கும். பாதைப் பக்கத்து பெஞ்சில் ஒரு தம்பதி குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். மரம் விழுந்தால் அந்தப் பக்கம் விழாது, அதனால் அவர்களை எழுப்பவில்லை.

அவள் விடவில்லை. கண்காணிப்பாளருக்குக் குறிப்பு எழுதினாள். அது வழக்கப்படி என்னிடமே வந்தது. அடுத்து மேலிடத்துக்கு எழுதப் போகிறேன் என்று என்னிடமே வந்து சொன்னாள். ஒளிவுமறைவு தெரியாத பெண்.

அவளை உட்காரச் சொன்னேன். மேலே சுரண்டிய தூளை வைத்து யாரும் நம்பமாட்டார்கள், பின்பக்கத்தில் உளி வைத்து நான்கு விரல் ஆழத்துக்குக் கட்டை எடுத்து வா, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றேன். என் கொட்டாப்புளியையே கொடுத்தேன். அவள் முகம் அப்படி மலர்ந்துவிட்டது.

"தேங்க்ஸ் சார். நீங்க கோவமா இருக்கீங்கன்னு நினைச்சு பயந்துட்டேன்."

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். ஸ்டோரில் ஹெல்மெட் கொடுக்க மறுக்கிறார்களாம். எங்கள் துறையில் அப்படி ஒரு விதி உண்டு. ஆபத்து என்று எழுதிய மரத்துக்குத்தான் ஹெல்மெட், கயிறு, கூட இரண்டு ஆள். மற்ற மரத்துக்கு வேண்டுமென்றால் நான் சீட்டு எழுத வேண்டும். ஆபத்தில்லை என்று நானே எழுதிய மரத்துக்கு நானே எப்படி ஹெல்மெட் சீட்டு கொடுப்பது? விதியைச் சொன்னேன். அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு நாளாகவே காற்று பலமாக இருந்தது. ஜன்னல் கொக்கியை அன்று காலை நான்தான் மாட்டினேன். காற்று அடிப்பது என் கையிலா இருக்கிறது? நான் அவளைத் தள்ளவில்லை, மரத்தைத் தொடவும் இல்லை. பதினொன்றரைக்குக் கிளம்பினாள். பன்னிரண்டரைக்குக் கண்காணிப்பாளர் போன் செய்தார். மரம் உடைந்து அவள்மேல் விழுந்துவிட்டது, உயிர் இல்லை என்று சொல்லி அழுதார். நான்தான் அவரைத் தேற்றினேன்.

விசாரணைக் குழு என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டது. வயது, வேலைப்பளு, பார்வைக் குறைவு ஆகியவற்றால் அடையாளம் காண்பதில் நேர்ந்த பிழை, உள்நோக்கம் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். கண் பரிசோதனை செய்துகொள்ளச் சிபாரிசு வேறு. துறையில் எல்லோருக்கும் ஒரு பிரதி போயிற்று.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன திங்கட்கிழமை அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். தச்சர். உடைந்த மரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தார். என் மேஜைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார், பொடிந்துபோயிற்று.

"நாப்பது வருஷமா மரத்துலதான்யா என் பொழப்பு. இதை வெளிய இருந்து பாத்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. கண்ணு தப்புறது எல்லாருக்கும் உள்ளதுதான்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பத்தோரு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டதில்லை. ஒரு தச்சர், என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, என் கண் தப்பிவிட்டது என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன். முதல் நாள் நின்றபடி சொன்னது வாய்ப்பேச்சு, அதைத் தீர்ப்பாக எடுக்கக் கூடாது. ஸ்லைடில் பார்த்தபோது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தெரியும். அவள் ஹெல்மெட் கேட்டு வாசலில் நின்றபோதும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த அறிக்கையில் பிழை என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள்.