நாரைக்குக் கட்டிய நரம்பு

உங்கள் சட்டையின் வலது கை அரை அங்குலம் நீளம், ஐயா. எழுதும்போது மேசையில் உரசுகிறது பாருங்கள். தைத்தவன் ஒரு கையை மட்டும் அளந்துவிட்டு மற்றதையும் அதே அளவில் வெட்டியிருக்கிறான். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முப்பத்தோரு வருடமாகத் துணி வெட்டுகிறேன், அப்படி ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, நீங்கள் கேட்டது என் மச்சினனைப் பற்றி. ஆனால் மீன்களிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. பத்தடிக்கு ஆறடி, இரண்டரை அடி ஆழம், சுற்றிலும் தட்டைக் கல். நானே தோண்டினேன், நானே சிமென்ட் பூசினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினொரு வண்ணமீன்களை அதில் விட்டு ஏழு வருடம் வளர்த்தேன். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்டது காலர். உடம்பெல்லாம் புள்ளி விழுந்தது பொத்தான். கரையை ஒட்டியே நீந்துவது ஓரத்தையல். "பேர் வைக்கிறதுலயும் கடையை விடமாட்டீங்களா" என்பாள் என் மனைவி.

அவளுடைய தம்பி நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தான். பதினாலு மாதம் இருந்தான். வாய் ஓயாதவன் என்பதால் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கிடங்கில் மூட்டை சரிந்து இடது கால் ஒடிந்து, எலும்பு கூடியபோது குட்டையாகக் கூடிவிட்டது. வேலையும் போயிற்று. என் தையல் அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு மெஷினைப் பின்புற நடையில் போட்டுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. நடையில் ஒரு ஜன்னல் உண்டு, குளம் நன்றாகத் தெரியும்.

காலையில் டீ டம்ளரோடு போய்க் குளத்தங்கரையில் உட்காருவான். தண்ணீரில் விரலை விட்டதும் மீன்கள் வந்து கவ்வும். என்னிடம் அவை ஒருநாளும் அப்படி வந்ததில்லை. மீன்களிடம் அவன் ஊர்க்கதை அளப்பதைக் கேட்டு என் மனைவி சமையலறையில் வாய்விட்டுச் சிரிப்பாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. இதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

பிறகு காலர் காணாமல் போயிற்று. அடுத்த நாள் சாம்பல் நிற நாரை ஒன்று மதில்மேல் நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குளத்துக்கு மேல் வலை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தேன். பிளாஸ்டிக் நாரை ஒன்று வாங்கி நட்டேன். ஒரு நாரை நிற்கும் இடத்துக்கு இன்னொன்று வராது என்று சொன்னார்கள். நிஜ நாரை வந்து அதன் பக்கத்திலேயே நின்றது. ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான். "காவலுக்கு வச்சீங்க அத்தான், அது துணைக்கு நிக்குது."

வண்ணமீன் விற்கும் கடைக்காரர்தான் நரம்பைப் பற்றிச் சொன்னார். "நாரை நேரா தண்ணியில இறங்காது சார். தள்ளி இறங்கி நடந்துதான் வரும். கரையைச் சுத்தித் தூண்டில் நரம்பு கட்டுங்க. அரை அடி உயரத்துல ஒண்ணு, ஒரு அடியில ஒண்ணு. கால்ல பட்டா மிரண்டு ஓடிடும்."

கட்டினேன். ஆனால் ஒரே நரம்பு, மூன்று அங்குலத்தில். அரை அடியில் கட்டினால் வீட்டுக்காரி தடுக்கி விழுவாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். ரேடியோவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தேன். இரண்டே நாளில் அவனுக்குக் கால் பழகிவிட்டது. கீழே பார்க்காமலே தாண்டுவான்.

ஒருநாள் பொத்தானின் விலாவில் ஓட்டை. நாரை வலைக்கு மேலிருந்தே கொத்திவிட்டு விட்டிருக்கிறது. கிழிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடுத்து மதிலுக்கு அப்பால் எறிந்தேன். ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அன்று முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

அதற்குப் பிறகு ஓரத்தையல் போயிற்று. இன்னும் இரண்டு போயின. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தேன். காலையில் வலையின் மூலைக்கல் நகர்ந்திருக்கும். சமையலறையில் உப்பு சீக்கிரம் தீர்ந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்துவார்கள். ஒருநாள் அவன் கரையில் உட்கார்ந்திருக்கிறான், நாலடி தள்ளி நாரை நிற்கிறது, அவன் கையைக்கூட அசைக்கவில்லை.

"ஏன் விரட்டல?" என்று கேட்டேன்.

"விரட்டினா நான் இல்லாத நேரம் பார்த்து வரும் அத்தான். நான் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது கிட்ட வராது."

நியாயமான பதில்தான். ஆனால் கேட்டதும் வந்துவிட்டது. அப்படிக் கையில் வைத்திருந்ததுபோல் வரும் பதில்மேல் எனக்கு எப்போதுமே நம்பிக்கை இல்லை. இவன்தான் வலையைத் தூக்கி நாரைக்கு வழிவிடுகிறான் என்று முடிவு செய்தேன். எதற்காகச் செய்கிறான் என்று நீங்கள் கேட்கிறீர்கள். என் வீட்டில் அவன் எதை எதற்காகச் செய்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தூங்கும்போது நரம்பை ஒரு அங்குலம் உயர்த்திக் கட்டினேன். மூன்று நாலாயிற்று. உங்கள் கட்டைவிரல் அகலம், அவ்வளவுதான். நானும் மனைவியும் அதைத் தாண்டும்போது பாதத்தை ஆறு அங்குலம் தூக்குகிறோம், எங்களுக்குப் பட வாய்ப்பில்லை. நாலு அங்குலம் நாரைக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நீங்கள் சொல்வதும் சரி. திங்கட்கிழமை விடிந்ததும் அது எட்டுவைத்துத் தாண்டி வந்ததை நானே பார்த்தேன்.

ரேடியோ ஏழு மணிக்குப் போனான். நான் ஜன்னலோரம் ஒரு கால்சட்டையின் பக்கத்தையல் போட்டுக்கொண்டிருந்தேன். வலது கால் தாண்டியது. இடது கால் தாண்டவில்லை. கரைக் கல்லில் தலை மோதும் சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வலையோடு சேர்ந்து குப்புறத் தண்ணீரில் கிடந்தான். ஒருதரம் விழுந்தால் அந்தப் பக்கம் போகமாட்டான் என்றுதான் நினைத்தேன், ஐயா. அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

தையலைப் பாதியில் விட்டால் நூல் இழுத்துக்கொள்ளும். முடித்தேன். அடுத்த பக்கமும் கையோடு முடித்தேன். நூலைக் கத்தரித்துவிட்டுப் போனபோது அவன் கையிலிருந்து சிதறிய தீனியைத் தின்ன மீன்கள் அவனைச் சுற்றிக் கூடியிருந்தன. எண்ணினேன். ஆறும் இருந்தன. அதற்குப் பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் என்னைக் குளியலறைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். பழைய கதவு ஒன்றைச் சாய்த்து மறைத்து வைத்த நீலத் தொட்டி. மீனின் புண் ஆற உப்புக் கரைத்த தண்ணீர். உள்ளே ஓரத்தையல், கூட இன்னும் இரண்டு. கொத்துப்பட்ட இடங்களில் புதுச் செதில் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"அடிபட்டதைப் பார்த்தா நீங்க தூக்கி எறிஞ்சிடுவீங்கன்னு ஒளிச்சு வச்சான். நல்லா ஆறினதும் குளத்துல விட்டுட்டு உங்களைக் கூப்பிட்டுக் காட்டணும்னு இருந்தான்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இப்போதும் பார்ப்பதில்லை. அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் நரம்பைப் பற்றிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் பேசுகிற வாய்க்கு அதை மட்டும் சொல்ல முடியாமல் போயிற்று. சொல்லியிருந்தால் எனக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது, ஐயா. மீன் போகிறதே என்ற பதைப்பில் செய்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் அளவு நோட்டை நீங்கள் விரித்து வைத்திருக்கிறீர்கள். ஆமாம், அது ரேடியோவின் பக்கம்தான். புதுக் கால்சட்டை வேண்டும் என்று அக்காவிடம் சொன்னானாம், அளவெடுத்தேன். இடுப்பு முப்பத்திரண்டு. வலது கால் நாற்பது, இடது கால் முப்பத்தொன்பதேகால். கீழே மூலையில் பென்சிலால் இருப்பதும் என் எழுத்துதான். இடது பாதம் தூக்கும் உயரம், மூன்றரை. நடையின் நிலைப்படியைப் பலதடவை தாண்டச் சொல்லி, சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு எடுத்தது. "என்ன அத்தான், கால்சட்டைக்கு டான்ஸ் அளவெல்லாமா எடுப்பாங்க" என்று அவன்கூடச் சிரித்தான்.

எந்தக் கால்சட்டைக்கும் அந்த அளவு தேவைப்படாது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பக்கத்தின் தலைப்பில் தேதி இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, அதே நோட்டில், 'காலர் காணவில்லை' என்று எழுதிய தேதியும் இருக்கிறது. நடுவில் பதினொரு நாள். ஒரு மீன்கூடப் போகாதபோது இந்த அளவு உனக்கு எதற்கு என்று காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இதில் நீங்கள் இவ்வளவு குழம்ப என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வேலையில் அளவைத்தான் முதலில் எடுத்து வைப்போம், ஐயா. துணி எப்போது வேண்டுமானாலும் வரும்.